அடையாற்றங்கரையில் இரு வல்லரசுகள்

மயிலாப்பூரிலிருந்து தெற்கே அடையாறு செல்லும் பேருந்துகள் திரு.வி.க. பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கின்றன. பாலத்துக்குக் கிழக்கே ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம். வடகரையில் குயிபிள் தீவும் பட்டினப்பாக்கமும் சாந்தோமும். தென்கரையில் பிரம்மஞான சபையின் பெரிய தோட்டம். 1746ஆம் ஆண்டின் இறுதியில் இந்தக் கழிமுகத்தருகே ஒரு போர் நடந்தது. ஒரே நாளில் முடிந்துபோன சிறிய போர்தான். ஆயினும் தென்னாட்டின் பிற்கால வரலாறு பெரும்பாலும் அன்று இங்கே தெரிந்துவிட்ட ஓர் உண்மையைச் சுற்றியே நடந்தது.

இந்தப் போரில் மோதிக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரரும் ஆர்க்காட்டு நவாபின் படையினரும். ஆனால் போருக்குக் காரணமான பகையோ, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்தது. இரு வல்லரசுகளின் பகைக்கு, அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாமவர் எப்படி விலை கொடுக்க நேர்ந்தது? அதையே இக்கட்டுரையில் காண்போம்.

பகை பிறந்த இடம்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600இலும், பிரெஞ்சுக் கம்பெனி 1664இலும் தோன்றின. ஆங்கிலேயர் 1640இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். பிரெஞ்சுக்காரர் 1672இல் சாந்தோமைக் கைப்பற்றினர். ஆனால் கோல்கொண்டாவும் டச்சுக்காரரும் சேர்ந்து முற்றுகையிடவே, இரண்டே ஆண்டுகளில் அதை இழந்தனர். பின்பு புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டனர். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளை வாங்கி ஐரோப்பாவில் விற்பதே இரு கம்பெனிகளின் நோக்கம். போட்டி இருந்தது, ஆனாலும் பல ஆண்டுகள் இரு சாராரும் இக்கரையில் சண்டையின்றியே வாணிகம் செய்தனர்.

அமைதி குலைந்ததற்கான காரணம் ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றியது. 1740இல் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். அவர் மகள் மரியா தெரசாவுக்கு வாரிசுரிமை உண்டா இல்லையா என்பதில் ஐரோப்பா இரண்டு அணிகளாகப் பிரிந்தது. இங்கிலாந்து ஒரு பக்கம், பிரான்ஸ் எதிர்ப்பக்கம். 1744இல் இவ்விரு நாடுகளும் நேரடிப் போரில் இறங்கின. வியன்னாவின் அரியணை யாருக்கு என்ற கேள்விக்கும், சென்னையில் துணி நெய்தவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கடலில் கப்பல் உள்ள நாடுகளின் சண்டை, கப்பல் செல்லும் இடமெல்லாம் செல்லும்.

நவாபின் ஆணை

புதுச்சேரியின் ஆளுநர் டூப்ளே அப்போது போரை விரும்பவில்லை. இந்தியக் கரையில் மட்டும் இரு கம்பெனிகளும் நடுநிலையாக இருப்போம் என்று சென்னைக்கு எழுதினார். தம் அரசரின் போர்க்கப்பல்கள் மீது தமக்கு அதிகாரம் இல்லை என்று சென்னை ஆளுநர் மோர்ஸ் விடையளித்தார். அது வெறும் சாக்கு அன்று. 1745இல் ஆங்கிலக் கடற்படை, சீனாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சு வாணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டது.

டூப்ளே நவாப் அன்வாருதீனின் உதவியை நாடினார். நவாபும் கருநாடகத்தின் அதிபதி என்ற முறையில், தம் நாட்டு எல்லைக்குள் ஐரோப்பியர் சண்டையிடக் கூடாது என்று ஆணையிட்டார். ஆங்கிலேயர் அதற்குப் பணிந்து, புதுச்சேரியைத் தாக்காமல் இருந்தனர். நவாபின் நடுநிலை வென்றதுபோல் தோன்றியது.

அந்த ஆணையின் பலவீனம் மறு ஆண்டே வெளிப்பட்டது. மொரீஷியசிலிருந்து லாபூர்தொனே என்ற தளபதி ஒரு கப்பற்படையைத் திரட்டி வந்தார். 1746 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே ஆங்கிலக் கப்பல்களோடு மோதினார். அவை விலகிச் சென்றன. கடல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும், டூப்ளேக்கு நடுநிலை தேவைப்படவில்லை. செப்டம்பரில் சென்னை தாக்கப்பட்டது. சில நாள் குண்டுவீச்சுக்குப் பின் கோட்டை பணிந்தது. அன்று கோட்டையில் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் என்ற இளைஞர், பிறகு மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் சென்றார்.

இப்போது ஆங்கிலேயர் நவாபிடம் முறையிட்டனர். நவாபின் தடையைப் பிரெஞ்சுக்காரர் பொருட்படுத்தவில்லை. சென்னையைப் பிடித்ததும் நவாபிடமே ஒப்படைத்துவிடுவதாக டூப்ளே அவருக்கு வாக்களித்தார். இதற்கிடையே லாபூர்தொனே, 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயருக்கே திருப்பித் தர ஒப்பந்தம் பேசினார். டூப்ளே இதை ஏற்கவில்லை. இருவரும் பூசலிட்டுக் கொண்டிருக்கையில் அக்டோபரில் வீசிய புயல் பிரெஞ்சுக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. லாபூர்தொனே ஊர் திரும்பினார். சென்னை டூப்ளேயிடமே தங்கியது. நவாபுக்குத் தந்த வாக்கு காற்றில் போயிற்று.

இந்நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகளை அன்றன்று தமிழில் எழுதி வைத்தவர் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, ஐரோப்பியர் தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களில் இல்லாத செய்திகளையும் நமக்குத் தருகிறது.

அடையாற்றுப் போர்

ஏமாற்றமடைந்த நவாப், தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அப்படையினர் ஏறத்தாழ 10,000 பேர். அவர்கள் கோட்டையை முற்றுகையிட்டனர். ஒருநாள் கோட்டையிலிருந்து சுமார் 400 பிரெஞ்சு வீரர்கள் இரண்டு பீரங்கிகளோடு வெளியே வந்து சுட்டு, நவாபின் குதிரைப்படையைக் கலைத்தனர்.

மாபூஸ்கான் சாந்தோம் பக்கம் நகர்ந்து, அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளை நிறுத்தினார். புதுச்சேரியிலிருந்து கூடுதல் படை வந்துகொண்டிருந்தது. அதை ஆற்றைக் கடக்க விடக் கூடாது என்பது அவர் திட்டம். வந்த படையோ ஏறத்தாழ 1,000 பேர்தான். தலைவர் பாரடைஸ் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அவர்களிடம் பீரங்கி இல்லை. அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்து கரையேறினர். வரிசையாக நின்று ஒருசேரச் சுட்டனர். உடனே துப்பாக்கி முனையில் பயனெட் என்னும் ஈட்டிக்கத்தியை நீட்டியபடி பாய்ந்தனர். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது.

இப்போரின் தேதியைச் சில நூல்கள் அக்டோபர் 24 என்றும், சில நவம்பர் 4 என்றும் கூறும். இரண்டும் ஒரே நாள்தான். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். பிரெஞ்சுக்காரரோ அப்போதே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தனர். இரண்டுக்கும் இடையே அந்நூற்றாண்டில் 11 நாள் வேறுபாடு இருந்தது.

பத்துக்கு ஒன்று வென்றது எப்படி?

வீரத்தில் நவாபின் படை குறைந்ததன்று. இங்கே எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். நவாபின் பீரங்கி வீரர்கள் கால் மணிக்கு ஒருமுறை சுட்டாலே நன்று என்று கருதினர் என அக்கால வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் குறிப்பிடுகிறார். பயிற்சி பெற்ற ஐரோப்பிய வீரர்கள் இலேசான பீரங்கியால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டனர். அதாவது, கால் மணி நேரத்தில் ஒன்றுக்கு எதிராக முப்பதுக்கும் மேல்! ஒரு பீரங்கி முப்பது பீரங்கிகளின் வேலையைச் செய்தது.

கைத்துப்பாக்கிகளிலும் இதே வேறுபாடுதான். பழைய துப்பாக்கியில் எரியும் திரியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்க வேண்டும். புதிய துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி எழுப்பும். மருந்தும் குண்டும் அளவாக வைத்துச் சுற்றிய காகிதத் தோட்டாவும் இருந்ததால் மருந்து நிறைக்கும் நேரம் மிகக் குறைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாரடைஸின் படையில் பெரும்பாலோர் ஐரோப்பியர் அல்லர். பிரெஞ்சுக்காரரிடம் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். ஆகவே வென்றது இனமன்று. கருவியும், அதை ஒழுங்காகக் கையாளும் பயிற்சியுமே வென்றன. இந்த உண்மையை ஆங்கிலேயர் விரைவில் கற்றனர். 1748இல் கடலூருக்கு வந்த மேஜர் லாரன்ஸ் அங்கு படையைச் சீரமைத்தார். அதுவே பின்னாளில் சென்னைப் படையாக வளர்ந்தது.

கனடாக் கோட்டைக்கு ஈடாகச் சென்னை

சென்னை பிரெஞ்சுக்காரரிடம் மூன்று ஆண்டுகள் இருந்தது. அதை மீட்டது எந்தப் படையும் அன்று. 1748இல் ஐரோப்பாவில் அய்-லா-ஷப்பேல் என்னும் ஊரில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. கனடாவில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்திருந்த லூயிபர்க் கோட்டையை ஆங்கிலேயர் திருப்பித் தந்தனர். அதற்கு ஈடாகச் சென்னையைப் பெற்றனர். 1749 ஆகஸ்டில் நகரம் கைமாறியது. சென்னை மக்களையோ நவாபையோ யாரும் கேட்கவில்லை.

வல்லரசுகள் சமாதானமாகிவிட்டன, இங்கோ சண்டை ஓயவில்லை. வாரிசுப் போட்டியிலிருந்த நம் நாட்டு அரசகுடும்பத்தார், அடையாற்றில் வென்ற அந்தப் புதுமுறைப் படையைத் தமக்கு வாடகைக்குத் தேடினர். சந்தாசாகிப் பிரெஞ்சுக்காரரைச் சேர்ந்தார். 1749இல் ஆம்பூரில் அன்வாருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி ஆங்கிலேயரைச் சேர்ந்தார். 1752இல் சந்தாசாகிப் கொல்லப்பட்டார். வென்றவர் முகமது அலி. ஆனால் படைச் செலவுக்காக அவர் பட்ட கடன் அவரை விடவில்லை. 1801இல் கருநாடகத்தின் ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போயிற்று. தோற்ற பக்கம் சேர்ந்தவரும் இழந்தார். வென்ற பக்கம் சேர்ந்தவரின் வாரிசுகளும் இழந்தனர்.

மூன்றாமவர் வழி

இரு வல்லரசுகளின் உறவைப் புரிந்துகொள்ள, அவை எதற்காகச் சண்டையிடுவதாகச் சொல்கின்றன என்பதை மட்டும் பார்த்தால் போதாது. யார் கையில் கடல் இருக்கிறது, யாருக்கு அமைதி தேவைப்படுகிறது, அத்தேவை எப்போது தீரும் என்பதையும் பார்க்க வேண்டும். டூப்ளே நடுநிலையை விரும்பியதும், பின்பு மீறியதும் ஒரே காரணத்தால்தான். அன்வாருதீனின் ஆணை நியாயமானது. ஆனால் அவரிடம் ஒரு போர்க்கப்பல்கூட இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1991 வரை பனிப்போர் நடத்தின. அவை ஒன்றையொன்று நேரே தாக்காவிட்டாலும், கொரியாவும் வியட்நாமும் போர்க்களங்களாயின. விடுதலை பெற்ற இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. அதோடு நில்லாமல், எல்லா அணிகளிடமிருந்தும் தொழில்நுட்பத்தைக் கற்றது. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்துக்கு சோவியத் ஒன்றியமும், கான்பூருக்கு அமெரிக்காவும் உதவின. 1959இல் சென்னையில் தோன்றிய கழகத்துக்கு மேற்கு ஜெர்மனி உதவியது. அது அமைந்த இடம், மாபூஸ்கானின் பீரங்கிகள் நின்ற கரைக்கு எதிர்ப்பக்கம், சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. கால் மணிக்கு ஒரு குண்டு என்ற நிலையை மாற்றும் பயிற்சியை, இம்முறை நம் மாணவர்கள் தாமே பெற்றனர்.