காலம் காட்டிய கைகள்



மலைத் தோட்டங்களில் பொழுது எப்படி விடிகிறது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பனி விலகுமுன் அடுப்பு எரியும். எதிர் லயத்து விளக்கு மங்கலாகத் தெரியும். முன்னாளில் பெரட்டுக்கு மணி அடித்துவிட்டால், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டவரும் விடாதவரும் ஓடியாக வேண்டும். தாமதம் என்று கிராணி எழுதிவிட்டால் அரை நாள் சம்பளம் போயிற்று. "நேரமாகவில்லையே, ஐயா" என்று யார் எதிர்த்துச் சொல்ல முடியும்? கடிகாரம் ஆபீஸ் சுவரில் அல்லவா தொங்கியது! லயத்தில் ஒருவர் கையிலும் கடிகாரம் இருந்ததில்லை. நம் பாட்டன்மார் சொல்ல நாம் கேட்டு வளர்ந்த கதை இது.

நேரத்தைக் காட்டும் இந்தச் சிறு பொறியை உலகுக்குத் தந்தவர்கள் யார்? அரசர்களா? பெரிய படிப்புப் படித்தவர்களா? இன்று அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

பழந்தமிழரிடம் நாழிகை வட்டில் இருந்தது. நீரில் மிதக்கவிட்ட வட்டிலின் அடியில் ஒரு சிறு துளை. அது நிரம்பி மூழ்கும் காலத்தைக் கொண்டு நாழிகை கணித்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். அரண்மனையில் இதைப் பார்த்து அறிவிக்கவே நாழிகைக் கணக்கர் என்போர் இருந்தனர். ஆகவே நேரத்தை அளப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் வட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாதன்றோ?

அதற்கு வழி கண்டவர்கள் மேல்நாட்டுக் கைவினைஞர்கள். 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் பீட்டர் ஹென்லைன் என்பவர், எடுத்துச் செல்லத்தக்க சிறு கடிகாரங்களைச் செய்து புகழ் பெற்றார். அவர் ஒரு பூட்டுத் தொழிலாளி. 1656-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். அதுவரை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிசகிய கடிகாரங்கள், அதன்பின் சில விநாடிகளே பிசகின. இங்கிலாந்துக் கடிகாரத் தொழிலின் தந்தை எனப் போற்றப்படும் தாமஸ் டாம்பியன் ஒரு கொல்லரின் மகன். பாரிஸ் நகரில் பெரும் புகழ் பெற்ற பிரெகே, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, சிற்றப்பன் முறையானவரிடம் தொழில் பழகியவர். பிரான்ஸ் நாட்டு அரசி மரி அந்துவானெத்துக்கென்று 1783-இல் அவரிடம் ஒரு கடிகாரம் சொல்லப்பட்டது. அது முடிந்ததோ 1827-இல்! அதற்குள் புரட்சி வந்து அரசி 1793-இல் கொல்லப்பட்டாள். பிரெகேயும் 1823-இல் காலமானார். கடிகாரம் மட்டும் நின்றது.

ஆயினும் இவர்கள் எல்லாரிலும் நாம் நன்கு அறிய வேண்டியவர் ஒரு தச்சரின் மகன். ஜான் ஹாரிசன் என்பது அவர் பெயர். 1693-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். அவரும் தச்சு வேலைதான் செய்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. முதலில் மரத்தாலேயே கடிகாரம் செய்தார்.

அந்நாளில் கடலோடிகளுக்கு ஒரு பெருந்துன்பம் இருந்தது. வடக்கு தெற்கில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைச் சூரியனையும் விண்மீனையும் பார்த்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. 1707-இல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: இதற்கு வழி கண்டவர்க்கு 20,000 பவுன் பரிசு.

இதில் கடிகாரத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பிள்ளைகள் நம் பள்ளித் திடலிலேயே பார்க்கலாம். ஒரு கம்பை நேராக நட்டு நிழலைக் கவனியுங்கள். நிழல் மிகக் குறுகும் வேளையே நமக்கு உண்மையான உச்சிப்பொழுது. நம் ஊரில் அப்போது கடிகாரம் பன்னிரண்டு காட்டாது. ஒன்றேகாலை ஒட்டிக் காட்டும். மாதத்துக்கு ஏற்பக் கால் மணி வரை முன்பின் ஆகும். சரி, அந்த வேளையில் லண்டனை அடுத்த கிரினிச் நகரின் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றும் நம்மிடம் இருந்தால், அதில் விடியற்காலை ஏறக்குறைய ஐந்தேகால் ஆகியிருக்கும். நமக்கு நண்பகல் 12, அவர்களுக்கு 5.15. வித்தியாசம் ஆறே முக்கால் மணி. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே நாம் கிரினிச்சுக்குக் கிழக்கே சுமார் 101 பாகையில் இருக்கிறோம். தேசப்படத்தைப் பாருங்கள், சரியாக இருக்கும்.

ஆனால் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நிலநடுக்கோட்டருகே 28 கிலோமீட்டர் பிசகிவிடும். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். கடலுக்கேற்ற கடிகாரம் செய்யவே முடியாது என்று பெரும் அறிஞர்களே ஐயுற்றனர்.

ஹாரிசன் 1735-இல் தம் முதல் கடற்கடிகாரத்தை முடித்தார். எடை 34 கிலோ. அது போதாதென்று இரண்டாவது, மூன்றாவது என்று செய்தார். மூன்றாவதற்கு மட்டும் 19 ஆண்டுகள் உழைத்தார். கடைசியில் 1759-இல் நான்காவதை முடித்தார். அது உள்ளங்கையில் அடங்கும் சிறு தட்டைப் போன்றது. குறுக்களவு 13 சென்டிமீட்டர்தான். 1761-இல் அவர் மகன் வில்லியம் அதைக் கப்பலில் ஜமைக்காத் தீவுக்கு எடுத்துச் சென்றார். 81 நாள் கழித்துப் பார்த்தபோது பிசகு 5 விநாடி மட்டுமே!

பரிசு கிடைத்ததா? இல்லை. ஏதோ தற்செயல் என்றனர் பரிசுக் குழுவினர். இன்னொரு பயணம் வேண்டும் என்றனர். அதிலும் வென்ற பிறகு, கடிகாரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாதித் தொகையே தந்தனர். வேலையைச் செய்தவன் ஒருவன், அளப்பவன் வேறொருவன் என்றால் இப்படித்தான் நேரும். கொழுந்துத் தராசின் முன் நின்ற நம் தாய்மார் இதை நன்கு அறிவார்கள். ஹாரிசன் ஓயவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் முறையிட்டார். மன்னர் தாமே ஐந்தாவது கடிகாரத்தைச் சோதித்துப் பார்த்தார். 1773-இல், ஹாரிசனுக்கு 80 வயதானபோது, பாராளுமன்றம் 8,750 பவுன் கொடுத்தது. மூன்றாண்டில் அவர் மறைந்தார். 

இந்தக் கடிகாரத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோரை ஏற்றி வந்த ரஜூலா போன்ற கப்பல்களை நினைத்துப் பாருங்கள். அடித்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் கிடந்தார்கள். மேல்தளத்தில் மாலுமியிடம் ஒரு பெட்டிக்குள் ஹாரிசன் வழிவந்த கடற்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கரை சேர்ந்ததில் அந்தத் தச்சருக்கும் பங்குண்டு.

சென்னையிலும் இந்தக் கலை வேரூன்றியது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. அங்கு நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. லண்டன் வினைஞர் ஷெல்டன் செய்து அங்கே பயன்பட்ட கடிகாரம் பின்னர் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்குச் சென்றது. அந்தச் சென்னைக் கூடத்தில் பணியாற்றி முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இரவெல்லாம் கடிகாரமும் தொலைநோக்கியுமாக இருந்து, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் விளங்கிக்கொள்ளத் தாய்மொழிகளில் நூல் வெளியிட்டார். சென்னை நேரம் என்பது 1906-இல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை இந்திய ரயில்களை ஓட்டியது.

கடிகாரம் செய்யும் தொழிலும் பின்னால் வந்தது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களின் முதல் கடிகாரம் அதுதான். 2016-இல் அத்தொழிலை மூட அரசு முடிவு செய்தது. 1984-இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டான் நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து பள்ளி முடித்த இளைஞரும் பெண்களும் பயிற்சி பெற்று அங்கே கடிகாரம் கோத்தனர். 2002-இல் வெளிவந்த அவர்களின் எட்ஜ் கடிகாரத்தின் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் பொறியோ 1.15 மில்லிமீட்டர். அத்தனை மெல்லிய வேலை நம் சிற்றூர்ப் பிள்ளைகளின் விரலுக்கு வசப்பட்டது.

இறுதியாக ஒன்று. நேரம் வானத்திலிருந்து விழுவதன்று, மனிதர் வகுத்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது மலாயாவின் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினர். 1982 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாயிற்று. சூரியன் வழக்கம் போலத்தான் உதித்தது. ஆனால் காலை மணி அதே எண்ணில் அடித்தால் எழுந்திருப்பவர் அரை மணி கூடுதலான இருட்டில் எழுந்திருக்க வேண்டும். இதனால்தான் நம் கம்பின் நிழலும் ஒன்றேகாலுக்குக் குறுகுகிறது.

பெற்றோர்களே, இன்று ஒவ்வொரு கையிலும் கைப்பேசி இருக்கிறது; நேரம் ஆபீஸ் சுவரில் மட்டும் தொங்கவில்லை. ஆனால் கையில் கடிகாரம் இருந்தால் மட்டும் போதாது. வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நிறுத்த எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வாருங்கள். எழுத்து வராத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்து ஒரு கம்பு நட்டு நிழலைப் பாருங்கள். தச்சர் மகன் ஒருவன் கடலையே அளந்தான் என்று அப்போது சொல்லுங்கள். கொழுந்து பறிப்பவர் மகளுக்கு அது நம்பக்கூடிய கதையாக இருக்கும்.