விண்மீனும் நிலப்படமும்



திண்டுக்கல் எங்கே உள்ளது என்று ஒரு மாணவனைக் கேட்டால், மதுரைக்கு வடக்கே என்பான். மதுரை எங்கே என்றால், வையைக் கரையில் என்பான். இவ்வாறு ஓரிடத்தை மற்றோரிடத்தால் சுட்டிக்கொண்டே போகலாம். உறுதியான அடையாளம் வேண்டுமாயின் வானத்தையே நோக்கவேண்டும். நிலமளந்தோர் அன்று கையாண்ட இம்முறையையே செயற்கைக் கோள்கள் இன்று கையாளுகின்றன.

1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதிலிருந்து முக்கோணங்களைப் பின்னி, மலையுச்சிகளையும் கோபுரங்களையும் பற்றிக்கொண்டு தென்னாட்டை அளந்து சென்றார். முக்கோணங்கள் பெருகுந்தோறும் சிறு பிழைகளும் பெருகும் அல்லவா? ஆகவே, குறித்த சில நிலையங்களில் தங்கி, தலைக்கு நேர்மேலே கடக்கும் விண்மீன்களை இரவில் நோக்கி, அவ்விடங்களின் அட்சரேகையைக் கணித்தார். நிலத்தின் அளவை வானத்தின் அளவு சோதித்தது.

இதற்கு விண்மீன்களின் இருப்பிடம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். அப்பணியிலும் தமிழகத்திற்குப் பங்கு உண்டு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டெய்லர் என்பார், 11,000-க்கு மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலை 1844-இல் வெளியிட்டார்.

இனிச் செயற்கைக் கோளுக்கு வருவோம். வானிலையை நோக்கும் இன்சாட்-3டி 2013 ஜூலை 26-இல் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அதன் இடம். அவ்வுயரத்திலிருந்து நோக்கும்போது, பார்வை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், தரையில் 60 கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். திண்டுக்கல்லின் மேல் நிற்கும் மேகம் மதுரையின் மேல் நிற்பதாகப் படம் சொல்லும்!

முன்னைய கோள்கள் பூமியின் விளிம்பை நோக்கித் தம் நிலையை அறிந்தன. காற்றுமண்டலம் சூழ்ந்த அவ்விளிம்பு மங்கலானது. விண்மீனோ ஒரு புள்ளி. ஆதலால் இன்சாட்-3டியில் விண்மீன் உணரிகள் பொருத்தப்பட்டன. இத்தகைய கருவி விண்மீன்களைக் கண்டு, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, கோள் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று கூறும். அதனைக் கொண்டு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கலாம். அமெரிக்கர் 1994-இல் ஏவிய கோஸ்-8 இன்னும் ஒரு படி சென்று, படமெடுக்கும் கருவியையே இடையிடையே விண்மீன்களை நோக்கித் திருப்பிற்று.

இது நுட்பம் நாடுவோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்து, நம் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து வீசிற்று. கொடைக்கானல் மலையில் மரங்கள் வீழ்ந்தன. புயலின் மையம் படத்தில் தவறிய இடத்தில் விழுமாயின், எச்சரிக்கையும் தவறிய ஊருக்கே போய்ச் சேரும். உரிய ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்.

இரவெல்லாம் கண்விழித்து விண்மீன்களை எண்ணியவர்களை வீண்பொழுது போக்கியோர் என்று அக்காலத்தில் சிலர் எண்ணியிருக்கலாம். அவர்கள் தொடங்கி வைத்த பட்டியல் வேலையே இன்று நம் கூரைகளுக்குக் காவல் நிற்கின்றது.