சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தொலைவும் பறப்பு நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு சுமார் 354 கி.மீ. சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் போகும் தூரத்தைவிட இது குறைவு. அட்டவணைப்படி பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை.

இந்தத் தொலைவை யாரும் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். மீனம்பாக்கம் வட அட்சரேகை 12.99 பாகையிலும் பலாலி 9.79 பாகையிலும் உள்ளன. தீர்க்கரேகையில் இரண்டுக்கும் பத்தில் ஒரு பாகைதான் வித்தியாசம். அதாவது யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. 3.2 பாகையை, இந்தப் பகுதியில் ஒரு பாகைக்குரிய 110.6 கி.மீ.யால் பெருக்கினால் 354 வந்துவிடுகிறது. நேர்கோடு கல்பாக்கத்தை ஒட்டிக் கரையை விட்டு விலகி, புதுச்சேரிக்கும் நாகப்பட்டினத்துக்கும் கிழக்கே கடல் மேலாகச் சென்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியின் வடகரையைத் தொடுகிறது.

இவ்வழியில் பறப்பவை ஏடிஆர் 72 வகை விமானங்கள். உந்துவிசிறி கொண்ட இவை மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும். அந்த வேகத்திலேயே போனால் 42 நிமிடம் போதும். ஆனால் மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதையை நோக்கி வளைந்து வரவும் வேண்டும். இதற்கு மேல், அட்டவணை நேரம் என்பது வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் சேரும். மீனம்பாக்கம் போன்ற நெரிசலான நிலையத்தில் ஓடுபாதைக்கான காத்திருப்பும் அதில் அடக்கம். மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று வழிநெடுக வீசினாலும் கூடுவது நான்கு நிமிடம்தான். இரு ஊர்க் கடிகாரமும் ஒன்றே: 2006 ஏப்ரலில் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கு இணையான நேரத்துக்குத் திரும்பியது.

இவ்வளவு அருகிலிருக்கும் ஊர் நெடுங்காலம் எட்டாத தொலைவில் இருந்தது என்பதே இந்த வழித்தடத்தின் முக்கியமான செய்தி. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தையே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. பறந்தது ஒரு டகோட்டா விமானம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த பலாலித் தளம், உள்நாட்டுப் போரில் இராணுவத்தின் கைக்குள் போயிற்று. சுற்றிலும் இருந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு, மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர், 640 கி.மீ.க்கு மேல் பறந்து கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே மேலும் 400 கி.மீ. அளவுக்குத் தரைவழியாகத் திரும்பி வர வேண்டியிருந்தது. 354 கி.மீ. பயணம் ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு முழுப் பகலையும் விழுங்கியது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே இந்தியாவின் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச் இறுதியில் அதே நிறுவனம் திருச்சியிலிருந்தும் சேவையைத் தொடங்கியது. அங்கிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 184 கி.மீ.