வைரஸ் புரதப் பிணைப்பு அளவீடு

வைரஸ் புரதப் பிணைப்பு அளவீடு என்பது ஒரு வைரஸின் புரதம் இன்னொரு புரதத்தோடோ மருந்து மூலக்கூறோடோ எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதை எண்ணாகக் கண்டறியும் முறை. வைரஸுக்குச் சொந்தச் சரக்கு குறைவு. ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுத் தொகுதி சுமார் 3,200 எழுத்துகள்தான். பெரும்பாலான வேலைகளுக்கு அது மனித உயிரணுவின் புரதங்களைப் பற்றிக்கொண்டாக வேண்டும். அந்தப் பிடியைத் தளர்த்தும் பொருள் மருந்தாகலாம் என்பதே இந்த அளவீட்டின் பின்னுள்ள எண்ணம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்போன உதாரணம் கீழாநெல்லி. சிட்லபாக்கம், தாம்பரம் பக்கம் மழைக்குப் பின் காலி மனைகளில் முளைக்கும் செடி இது. இலைகளுக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் இந்தப் பெயர். அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது மஞ்சள் காமாலைக்கான பழைய கைவைத்தியம். சிட்லபாக்கத்தை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. ஆனால் கீழாநெல்லி வைரஸ் புரதத்தோடு மோதிப் பார்க்கப்பட்டது அதற்கு வெகு முன்பே.

மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை ரத்தத்தில் கண்டறிந்ததற்காக பாருக் பிளம்பர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் கரிசலாங்கண்ணி, கீழாநெல்லிச் சாறுகள் இப்புரதத்தைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதாக 1982-இல் எழுதினர். 1987-இல் பிலடெல்பியாவில் பிளம்பர்க் குழு, கீழாநெல்லிச் சாறு மேற்பரப்புப் புரதத்தோடு பிணைவதையும், வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதையும் காட்டியது.

1988-இல் லான்செட் இதழில் தியாகராஜன் குழுவின் மனிதச் சோதனை வெளிவந்தது. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். முடிந்து 15 முதல் 20 நாள் கழித்துச் சோதித்தபோது, மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்புப் புரதம் காணப்படவில்லை. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த பிற்காலச் சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. 2011-இன் காக்ரேன் மறுஆய்வும் போலி மருந்தைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றது.

அளவீட்டின் நுட்பம் தேவைப்படுவது இங்கேதான். துவர்ப்புச் சுவையை எடுத்துக்கொள்வோம். டானின் என்னும் பொருட்கள் நம் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் எழும் உணர்வு அது. கீழாநெல்லியிலும் டானின்கள் உண்டு. புரதம் எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும் இப்பொருட்கள் வைரஸ் புரதத்தோடு ஒட்டினால் அதில் வியப்பில்லை. எனவே தொடர்பற்ற வேறொரு புரதத்தையும் அதே சாற்றோடு சேர்த்துப் பார்க்காமல், ‘பிணைகிறது’ என்ற முடிவுக்கு வரக்கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கான எலைசா, ஆன்டிபாடி வைரஸ் புரதத்தைப் பற்றுவதை நிறமாற்றத்தால் காட்டும். மருந்துப் பொருளே அப்புரதத்தை மூடிக்கொண்டால், இருக்கும் புரதமும் இல்லாததுபோல் தோன்றலாம்.

பிணைப்பின் வலுவைச் சொல்லும் எண் பிரிகை மாறிலி. புரதங்களில் பாதி பிடிக்கப்பட்டிருக்கும்போது கரைசலில் தனித்து நிற்கும் மருந்தின் செறிவு அது; எண் சிறிதானால் பிடி வலிது. இதை அளக்க ஒரு புரதத்தைத் தங்கப் படலத்தில் நிறுத்தி, மற்றதை அதன்மேல் ஓடவிட்டு, பிரதிபலிக்கும் ஒளியின் மாற்றத்தைக் கவனிப்பார்கள். ஒட்டும் வேகமும் விடும் வேகமும் தனித்தனியே தெரிவதால் இம்முறை பயனுள்ளது. பிணையும்போது வெளிப்படும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பத்தை அளப்பது மற்றொரு வழி. பிணைப்புகளை மொத்தமாகத் தேடும் முறைகளும் உள்ளன: 2020-இல் கொரோனா வைரஸ் புரதங்கள் மனிதப் புரதங்களோடு கொள்ளும் 332 பிணைப்புகள் அப்படித்தான் பட்டியலிடப்பட்டன.

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லில் நுழையப் பிடிக்கும் வாசல் 2012-இல் தெரியவந்தது. பித்த உப்புகளைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் என்டிசிபி என்ற புரதம் அது. வைரஸின் மேற்பரப்புப் புரதத்திலிருந்தே 47 அமினோ அமிலத் துண்டை எடுத்து அமைத்த புலெவிர்டைட், அந்த வாசலை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி-யோடு சேர்ந்தே தொற்றும் ஹெபடைடிஸ் டி-க்காக 2020-இல் ஐரோப்பாவில் அது அனுமதிக்கப்பட்டது. வழக்கமாகத் தரப்படும் டெனோபோவிர், என்டெகாவிர் இரண்டும் குறிவைப்பது 1987-இல் கீழாநெல்லியோடு சோதிக்கப்பட்ட அதே பாலிமரேஸைத்தான். இவை வைரஸ் பெருகுவதை அடக்குகின்றன. ஆனால் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து முற்றிலும் அகல்வது இன்றும் அரிதாகவே நிகழ்கிறது.