பழைய டீசல் எஸ்யூவிகளின் மைலேஜ்

1994இல் வந்த டாடா சுமோ, 2000இல் வந்த மஹிந்திரா பொலேரோ போன்ற வண்டிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னும் ஓடுகின்றன. வயது ஏற ஏற இவற்றின் மைலேஜ் இறங்கும். இழப்பில் பெரும்பங்கு பராமரிப்புக் குறையால் வருவது என்பதால் அதை மீட்டுவிடலாம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பின் வண்டிக்காரர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியதாயிற்று.

இத்தகைய வண்டிகள் தேவைப்படும் ஊருக்கு ஆரணி ஓர் எடுத்துக்காட்டு. பட்டு நெசவுக்குப் பேர்போன இந்த ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. ‘ஆரணி ரோடு’ நிலையம் களம்பூரில் இருக்கிறது. வேலூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ சேலை கொண்டுபோகப் பெரும்பாலும் சாலைதான் வழி. பட்டு எடை குறைந்த சரக்கு, அதனால் வண்டி திணறாது. டீசலைக் குடிப்பவை கடைத்தெரு நெரிசல், நெடுஞ்சாலை வேகம், கவனிக்காமல் விட்ட எஞ்சின் ஆகிய மூன்றும்தான்.

முதல் வேலை அளப்பது. டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுக்க வேண்டும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டிய வண்டியில் மீட்டர் குறைவாகக் காட்டும், கணக்கும் பொய்க்கும்.

டர்போ இல்லாத பழைய எஞ்சினின் பம்ப், காற்று எவ்வளவு வருகிறது என்று பார்க்காது. மிதித்த அளவுக்கு டீசலைத் தள்ளும். ஏர் ஃபில்டர் புழுதியில் அடைபட்டால் முழுதும் எரியாத டீசல் கரும்புகையாகப் போய்விடும். டீசலைத் தூவும் நாசில் தேய்ந்தாலும் இதே கதைதான், தூவலாக விழ வேண்டியது சொட்டாக விழும். பம்ப் கடையில் பிரஷர் பார்த்துச் சரிசெய்யலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், எஞ்சின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறுகிறது என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்தை எட்ட நேரமாகும், அதுவரை கூடுதல் டீசல் கேட்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியமே அல்ல.

எஞ்சினுக்கு வெளியேயும் டீசல் வீணாகும். ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். டயர் காற்று ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. சிறிய அளவுதான், ஆனால் காற்றடிக்கச் செலவே இல்லை. காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 60 கி.மீ. வேகத்தில் உள்ளதைப்போல் 2.25 மடங்கு எதிர்ப்பை 90இல் வண்டி தாங்க வேண்டும். பெட்டி போன்ற சுமோவுக்கு இது பெரிய பாரம். காலி மேல் கேரியரும் காற்றைத் தடுக்கும்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தங்களை வாங்க வேண்டியதில்லை. மைலேஜைக் கூட்டுவதாகச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மிகச் சிலவற்றிலேயே பலன் கண்டது.