ராயல் கிரசென்ட், பாத்

இங்கிலாந்தின் பாத் நகரில், புல்வெளிச் சரிவைப் பார்த்தபடி அரை நீள்வட்டமாக வளைந்து நிற்கும் 30 வீடுகளின் வரிசை ராயல் கிரசென்ட். இளைய ஜான் வுட் வடிவமைத்த இவ்வீடுகள் 1767 முதல் 1774 வரை கட்டப்பட்டன.

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பாத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் செல்வந்தர்கள் பருவந்தோறும் வந்து தங்கினார்கள். அவர்களுக்காக மூத்த ஜான் வுட் ‘சர்க்கஸ்’ என்ற வட்ட வடிவக் குடியிருப்பைத் திட்டமிட்டு, 1754இல் வேலை தொடங்கிய சில மாதங்களில் இறந்துபோனார். அதைக் கட்டி முடித்தவர் மகன். சர்க்கஸின் வீடுகள் உள்நோக்கித் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. மகனோ அடுத்த கட்டடத்தில் வளைவைத் திறந்துவிட்டு, வயலையும் வெளியையும் வீடுகளுக்கு எதிரே வைத்தார். துணிச்சலான முடிவு அது.

தரைத்தளத்தில் அலங்காரம் ஏதுமில்லை. மேலே இரண்டு தளங்களின் உயரத்துக்கு 114 அயோனியத் தூண்கள், ஏறத்தாழ 150 மீட்டர் நீள முகப்பெங்கும் அணிவகுக்கின்றன. எல்லாம் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். நடுவீட்டை அடையாளம் காட்டுவது இரட்டைத் தூண்கள் மட்டுமே.

இந்த ஒழுங்கின் பின்னால் ஒரு கெட்டிக்கார ஏற்பாடு இருந்தது. மனை எடுத்தவர் முகப்பை வுட்டின் வரைபடத்தின்படியே கட்ட வேண்டும். அதற்குப் பின்னால் தம் விருப்பம்போல் அறைகளை அமைத்துக்கொள்ளலாம். அதனால் பின்பக்கம் ஒரு வீடு நீண்டும் மறுவீடு குறுகியும், கூரைகள் ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன. தனியொருவர் வசதிக்கு எட்டாத அரண்மனைத் தோற்றம் முன்பக்கத்தில் முப்பது பேருக்கும் பொதுவாகக் கிடைத்தது.

புல்வெளியில் ‘ஹா-ஹா’ எனப்படும் பள்ளச்சுவர் உண்டு. மேய்ச்சல் கால்நடைகளை அது தடுக்கும். வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கோ வேலியே தெரியாது.

முதலில் வெறும் ‘கிரசென்ட்’தான். யார்க் கோமகன் பிரெடெரிக் இங்கே தங்கிய பிறகு ‘ராயல்’ சேர்ந்தது. 17ஆம் எண் வீட்டில் வாழ்ந்தவர் ஐசக் பிட்மன். தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் பல தலைமுறையினர் கற்ற சுருக்கெழுத்தை உருவாக்கியவர். 1942 ஏப்ரலில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் அந்த வீடும் 2ஆம் எண் வீடும் எரிந்து உட்புறம் அழிந்தன; பின்னர் சீரமைக்கப்பட்டன.

1970களில் 22ஆம் எண் வீட்டு உரிமையாளர் கதவுக்கு மஞ்சள் பூசினார். மற்ற கதவுகளைப் போல வெள்ளையாக்கச் சொன்னது நகர நிர்வாகம். அவர் மறுத்தார், விசாரணைக்குப் பிறகு மஞ்சளே நிலைத்தது.

1ஆம் எண் வீடு இன்று அருங்காட்சியகம். பாத் செல்பவர்கள் முகப்பைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாமல் பின்பக்கச் சந்துக்கும் போக வேண்டும். வுட் வகுத்த ஏற்பாட்டின் அருமை அங்கேதான் புரியும்.