கடலுக்கடியில் யார் அது?

1994-ல் ஸ்வீடன் பிரதமர் கார்ல் பில்ட், ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல்கள் ஸ்வீடன் கடலுக்குள் அத்துமீறி வந்து போவதாகப் புகார். சும்மா சொல்லலை, ஆதாரம் இருந்தது. கடலுக்கடியில் ஒலிவாங்கி வச்சு ஸ்வீடன் கடற்படை பதிவு செய்த சத்தங்கள்.

1996-ல் அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் பிடிபட்டார். அவர் ரஷ்யர் இல்லை. யாருன்னு சொன்னா சிரிப்பீங்க. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை பார்த்துட்டு வந்துடலாம்.

கடலுக்குள்ள வெளிச்சம் ரொம்ப தூரம் போகாது. 200 மீட்டருக்குக் கீழே போனா கிட்டத்தட்ட இருட்டுதான். ஆனா சத்தம் அங்கே ராஜா. காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போற ஒலி, கடல் தண்ணியில் சுமார் 1500 மீட்டர் போகும். இன்னொரு விசேஷமும் இருக்கு. கீழே போகப் போக தண்ணி குளிரும், அதனால் ஒலியின் வேகம் குறையும். இன்னும் கீழே போனா அழுத்தம் கூடும், அதனால் வேகம் மறுபடி ஏறும். நடுவில், பெரும்பாலான கடல்களில் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், வேகம் ரொம்பக் குறைவான ஓர் அடுக்கு இருக்கு. அதில் மாட்டின சத்தம் மேலேயும் போகாம கீழேயும் போகாம, வாய்க்காலில் ஓடுற தண்ணி மாதிரி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். மாரிஸ் யூயிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1944-ல் கடலில் வெடி வெடிச்சு இதை நிரூபிச்சார்.

பனிப்போர் வந்ததும் அமெரிக்கக் கடற்படை இதை விடுமா? 1950-களில் கடல் தரையில் வரிசை வரிசையா ஒலிவாங்கிகளை இறக்கினாங்க. பெயர் சோசஸ். பரம ரகசியம். வேலை ஒண்ணே ஒண்ணுதான்: சோவியத் நீர்மூழ்கியை ஒட்டுக் கேட்கிறது.

அப்படிக் காது கொடுத்து உட்கார்ந்தவங்களுக்கு ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. 20 ஹெர்ட்ஸ், அதாவது மனுஷக் காதின் அடிமட்ட எல்லை. ஒரு விநாடி நீளத் துடிப்பு, கொஞ்சம் இடைவெளி, திரும்பவும் அதே துடிப்பு. கடிகாரம் மாதிரி மணிக்கணக்கில். இவ்வளவு ஒழுங்கா வந்தா அது மெஷினாத்தானே இருக்கணும்? சோவியத்காரன் ஏதோ கருவி வச்சிருக்கான்னு ஒரு சந்தேகம். திமிங்கலத்தோட இதயத்துடிப்பா இருக்குமோன்னு கூட யோசிச்சாங்க.

1964-ல் வில்லியம் ஷெவில், வில்லியம் வாட்கின்ஸ், ரிச்சர்ட் பேக்கஸ் மூணு பேரும் விடையை வெளியிட்டாங்க. ஃபின் திமிங்கலம்! நீலத் திமிங்கலத்துக்கு அடுத்தபடியா உலகத்திலேயே பெரிய உயிரினம். சத்தம் அப்பப்போ சில நிமிஷம் நின்னு நின்னு வந்தது ஒரு முக்கியமான துப்பு. மெஷின் எதுக்கு நிக்கணும்? மூச்சு விட மேலே வர்ற ஆளுதான் நிக்கணும். இதில் பாடுறது ஆண்கள் மட்டும்தான்னு 2002-ல் தெரிய வந்தது. ஆக, இத்தனை வருஷம் கடற்படை ஒட்டுக் கேட்டது எதிரி ரகசியத்தை இல்லை, காதல் பாட்டை :)

சரி, ஸ்வீடனுக்கு வருவோம்.

1981 அக்டோபர் 27. யு-137 என்ற சோவியத் நீர்மூழ்கி, ஸ்வீடனின் கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் ஏறி மாட்டிக்கிச்சு. இந்த ரகத்துக்கு நேட்டோ வச்ச பெயர் விஸ்கி. "விஸ்கி ஆன் த ராக்ஸ்"னு உலகமே கிண்டலடிச்சது. ஆனா ஸ்வீடன்காரங்களுக்குச் சிரிப்பு வரலை. கருவி வச்சு அளந்தப்போ உள்ளே யுரேனியம் இருக்கிறது தெரிஞ்சது. அதாவது, அணு ஆயுதத்தோட ஒருத்தன் வாசல்படி வரைக்கும் வந்திருக்கான்.

அதனால ஸ்வீடன் பயந்தது முட்டாள்தனம்னு சொல்லவே முடியாது. திருடன் ஒரு தடவை நிஜமாவே வந்துட்டுப் போன வீட்டில், ராத்திரி பூனை பாத்திரத்தை உருட்டினாலும் திருடனாத்தான் தெரியும்.

அடுத்த வருஷம், 1982 அக்டோபரில், ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே ஹார்ஸ்ஃபியார்டன் பகுதியில் வாரக்கணக்கில் வேட்டை. கடலுக்குள் ஆழ்வெடிகளைப் போட்டாங்க, கண்ணிவெடிகளை வெடிச்சாங்க. ஒரு நீர்மூழ்கியும் மேலே வரலை. 1983-ல் விசாரணைக் குழு சோவியத்தைக் குற்றம் சாட்டியது. அந்தக் குழுவில் கார்ல் பில்டும் ஓர் உறுப்பினர். 1991-ல் சோவியத் யூனியனே இல்லாம போச்சு. ஆனா சத்தம் மட்டும் நிக்கலை! அப்பவே யாருக்காவது பொறி தட்டியிருக்கணும். தட்டலை. முகவரியை மட்டும் மாத்தி ரஷ்யாவுக்குக் கடிதம் போச்சு.

கடைசியா 1996-ல் கடற்படை ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. மாக்னஸ் வால்பெர்க், ஹோகன் வெஸ்டர்பெர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களைக் கூப்பிட்டு, அதுவரை ரகசியமா வச்சிருந்த ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுச்சு. ப்ரொப்பெல்லர் சத்தத்தை எதிர்பார்த்துப் போனவங்களுக்குக் கேட்டது, எண்ணெய்ச் சட்டியில் எதையோ பொரிக்கிற மாதிரி சத்தம். தண்ணிக்குள்ள நுண்ணிய காற்றுக் குமிழிகள் கூட்டமா வெளியேறினா இப்படிக் கேட்கும். யார் விடுற குமிழி?

விடை: ஹெர்ரிங் மீன். நம்ம ஊர் மத்தி, சாளைக்குச் சொந்தக்கார மீன். இதன் வயித்துக்குள்ள இருக்கிற காற்றுப்பைக்கு ஆசனவாய்ப் பக்கமா ஒரு வழி இருக்கு. மிதவையைச் சரிசெய்யவோ, பயந்தாலோ, அந்த வழியா காத்தை விடும். பச்சையா சொன்னா... அதேதான் :) பல சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மீன் கூட்டம் ஒரே நேரத்தில் விட்டா எப்படி இருக்கும்? வால்பெர்க் கடையில் ஒரு ஹெர்ரிங்கை வாங்கி, தண்ணிக்குள்ள வச்சு அமுக்கிப் பார்த்தார். அதே சத்தம்! ஒரு வல்லரசு மேல சுமத்தின குற்றச்சாட்டில் ஒரு பகுதி அந்தத் தொட்டியில் கரைஞ்சது.

ஹெர்ரிங்கின் இந்தத் திறமையைத் தனியா ஆராய்ஞ்ச பென் வில்சன் குழுவோட சேர்த்து, இவங்க இரண்டு பேருக்கும் 2004-ல் இக் நோபல் பரிசு கிடைச்சது. முதலில் சிரிக்க வச்சு, அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குத் தர்ற பரிசு. இதைவிடப் பொருத்தமா யாருக்குக் கொடுக்க முடியும்?

ராணுவம்னா எதிரியைத்தான் கேட்கும், சரி. மத்தவங்க? 1997-ல் பசிபிக்கில் இருந்த அமெரிக்க ஒலிவாங்கிகளில் ஒரு பூதாகரமான சத்தம் பதிவாச்சு. 5000 கிலோமீட்டர் தள்ளியிருந்த கருவியிலும் கேட்டது. 16 மடங்கு வேகத்தில் ஓட்டினா "ப்ளூப்"னு கேட்கும், அதனால அதே பெயர். நீலத் திமிங்கலத்தையே தூக்கிச் சாப்பிடுற சத்தம். வந்த இடம் தென் பசிபிக். லவ்க்ராஃப்ட் எழுதின கதையில் ராட்சசன் கதுலு தூங்குறதும் அதே தென் பசிபிக்கில்தான். போதாதா? இணையம் முழுக்க கடல் பூதம் கிளம்பிடுச்சு.

2005 வாக்கில் அண்டார்டிகாவுக்குக் கிட்டவே ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்க ஆரம்பிச்சதும் குட்டு வெளிப்பட்டது. பெரிய பனிப்பாறைகள் விரிசல் விட்டு உடையும்போது இதே மாதிரி சத்தம் வருது. 2008-ல் ஏ53ஏ என்ற பனிமலை சிதறினப்போ பதிவான சத்தம் ப்ளூப்போட ஒத்துப் போச்சு. பூதம் இல்லை, ஐஸ்.

லாக் ஃபைலில் புரியாத வரி ஒண்ணு வந்தா, நமக்கு ஏற்கெனவே யார் மேல கடுப்போ அவங்க மாட்யூல் மேலதான் முதல் சந்தேகம் போகும். இங்கேயும் அதே கதைதான். பயந்தவனுக்கு எதிரி கேட்டது, ஆசைப்பட்டவனுக்குப் பூதம் கேட்டது. மூணு தடவையும் புதிரை அவிழ்த்தது இரண்டே விஷயம்: சத்தம் வர்ற இடத்துக்குப் பக்கத்தில் போனது, அந்தப் பயம் இல்லாத ஒருத்தர் காதில் அதைப் போட்டது. ஸ்வீடனில் ஒலிநாடாவைப் பூட்டி வச்சிருந்த வருஷங்களில் ஒரு போர் கூட வெடிச்சிருக்கலாம். ஒரு மீன் விட்ட காத்துக்காக!

இன்னும் ஒண்ணு பாக்கி. 1991-லிருந்து பதிவாகி வர்ற "அப்ஸ்வீப்" என்ற சத்தம், தென் பசிபிக்கில் எரிமலைகள் இருக்கிற பகுதியிலிருந்து வருது. காரணம் இதுதான்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லலை. அதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுதோ, அது கடலைப் பத்தி இருக்காது. உங்களைப் பத்தித்தான் இருக்கும் :)